பட்டில் கண்ட சர்க்கரை

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
19 ஜூன் 2025

சுகாசினிக்கு,

பேசாமல் இருந்தது போதும் என்று இன்றைக்கு முடிவு செய்துவிட்டேன். ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தவனுக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருப்பது பெரிய காரியமில்லை. ஆனால் நேற்று உன் நிறுவனம் என் மாணவிகளுக்கு எதிரிலேயே என் மானத்தை வாங்கிவிட்டது.

இரண்டாம் ஆண்டுக்குச் செய்முறை வகுப்பு. கையில் உறை, எதிரே அமிலக் குப்பி. போன் அடித்துக்கொண்டே இருந்ததால் ஒரு பெண் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மைசூரிலிருந்து யாரோ ஒரு நிர்வாக அதிகாரி. 2014-இல் வெளியாகி 2016-இல் திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக்கட்டுரையின் இணை ஆசிரியர் நீங்கள்தானா என்றார். தலைப்பை முழுதாக வாசித்தார். திரும்பப் பெறப்பட்ட என்ற சொல்லை மட்டும் மூன்று தடவை சொன்னார். இருபத்திரண்டு பெண்கள் பைப்பெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

எதற்கு விசாரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

காஞ்சிப் பட்டின் இழையில், கோந்தையெல்லாம் நீக்கிய பிறகும், புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு நீளமான சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது என்று நாம் சொன்னோம். பட்டு நூலால் தைத்த காயத்தில் அந்த நூலை உடம்பு ஏன் அவ்வளவாக எதிர்ப்பதில்லை என்பதற்கு அது விடையாக இருக்கலாம் என்று நீ எழுதினாய். கல்கத்தா மாநாட்டில் எழுந்து நின்று கை தட்டினார்கள். பதினெட்டு மாதம் கழித்து ஒரு நாள் நீ தன்னந்தனியாக உட்கார்ந்து, அந்தப் பத்திரிகைக்கு, மாதிரியில் மாவுச்சத்து கலந்திருந்தது, எப்படிக் கலந்தது என்று கண்டறிய முடியவில்லை, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிப் போட்டாய். என்னைக் கேட்டாயா? என் பெயரும் அதில் இருந்தது, இரண்டாவதாக இருந்தாலும். என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயம் அது. வழிகாட்டி அதைக் கிழித்துப் போட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. இன்றைக்கும் என் பெயர்ப் பலகையில் எம்.ஃபில். தான். நீ டாக்டர்.

உன்னைக் கட்டிக்கொண்டதற்காக ஓரிக்கையில் எங்கள் வீட்டில் என் அம்மா எனக்கு வாசற்படியை மறுத்தாள். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

உன் எண்ணை என் போனில் நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். எடுப்பதாக இல்லை. பதில் எழுதுவதென்றால் கையால் எழுது. எழுத்தில் இருந்தால் பின்னால் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

சர்க்கரை எனக்கு இப்போது உடம்பிலும் வந்துவிட்டது. மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி இரண்டு. வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன்: சர்க்கரை போய்ச் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும், அந்த அணு நூற்றிருபது நாளில் செத்துவிடும், அதோடு அந்த ஞாபகமும் போகும். எனக்கு அப்படி எதுவும் போகவில்லை.

இப்படிக்கு,
மா. மாணிக்கவேல்
உயிர்வேதியியல் துறைத் தலைவர்


மைசூர்
26 ஜூன் 2025

அன்புள்ள வேலு,

ஆய்வகத்தில் கூப்பிட்டதுபோலவே கூப்பிடுகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் வீட்டாருக்காக 'நீங்கள்' என்று மாற்றிக்கொண்டேன். அவர்கள் நம் மாடிப்படி ஏறவே இல்லை. யாருக்காக ஏழு வருஷம் அப்படிப் பேசினேன் என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது.

உன் கடிதத்தைக் காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் படித்தேன். உன் எழுத்து இன்னும் வரிக்குக் கீழே இறங்கித்தான் போகிறது. சர்க்கரை ஒன்பதைத் தாண்டியது என்று எழுதிவிட்டு, மருந்து சாப்பிடுகிறாயா என்று எழுதவில்லை. காலையில் வெறும் அரிசிக் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடாதே. உனக்குத் தெரியாததா? தெரிந்தவர்கள்தான் செய்வதில்லை.

அந்த அதிகாரி வகுப்பு நேரத்தில் கூப்பிட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். நானே எழுதியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

விஷயம் இதுதான். நான் இங்கே ஒன்பது வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிறேன். புளியங்கொட்டை மாவிலிருந்து சர்க்கரையைப் பிரித்து, காயத்தின் மேல் போடுகிற மெல்லிய படலம் செய்கிறோம். கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்து, கொதிக்க வைத்து, கடைசியில் கண்ணாடித் தாள் மாதிரி ஒன்று வரும். தீப்புண்ணில் போட்டால் ஒட்டிக்கொள்ளும், பிய்க்கும்போது தோலோடு வராது. எங்கள் வீட்டில் அம்மா மரியம்மாள் புளியங்கொட்டையைச் சுட்டு எங்களுக்குத் தின்னக் கொடுத்தாள். சோறு இல்லாத நாளில் அதுதான் சாப்பாடு. அதே கொட்டையோடு இப்போது நான் வேலை செய்கிறேன் என்றால் நம்பமாட்டேன் என்கிறாள்.

இந்தப் பிரிவுக்கு நிரந்தரத் தலைவர் பதவி ஒன்று வந்திருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தது. ஒருவர் பழைய கட்டுரையை எடுத்து மேஜையில் வைத்தார். மாவுச்சத்து தானாக எப்படி வரும், முடிவு வேண்டும் என்பதற்காக ஆய்வகத்தில் யாராவது கலந்தார்களா என்று கேட்டார். யாராவது என்றால் நான்தான். ஆகஸ்ட் ஆறாம் தேதி குழு கூடுகிறது. அதற்குள் மாதிரி எங்கிருந்து வந்தது என்று அதைக் கொண்டுவந்தவர் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்கிறார்கள். இல்லையென்றால் பதவி இல்லை. ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கமாட்டார்கள்.

கொண்டுவந்தவர் நீ. வேறு யாரிடமும் நான் கேட்க முடியாது.

அன்புடன்,
சுகாசினி


பிள்ளையார்பாளையம்
5 ஜூலை 2025

சுகாசினிக்கு,

ஒன்பது வருஷம் நான் இருக்கிறேனா செத்தேனா என்று கேட்கவில்லை. கையெழுத்து தேவைப்பட்டதும் என் கஞ்சிமேல் அக்கறை வந்துவிட்டது. இருக்கட்டும்.

மாதிரி எங்கிருந்து வந்தது என்று பதிவேட்டில் இருக்கிறது. ஏப்ரல் 2013, பதினாறாம் எண். 'வெள்ளைப் பட்டு, சிட்டம் (தறிக்கு ஏற்றாத நூற்கட்டு), கஞ்சி போடாதது, கண்ணாயிரம் வீடு, பிள்ளையார்பாளையம்.' என் கையால் எழுதியது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல இருக்கிறது? பதிவேட்டின் நகல் உன்னிடம் இருக்குமே. பெயரை முதலில் போட்டுக்கொண்டவர்கள் எல்லாக் காகிதத்தையும் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

நீ கெடுத்துவிட்டுப் போன கதை இங்கே எப்படி ஓடுகிறது என்று கேள். அன்றைக்குப் போனை எடுத்த பெண் பெயர் திரிஷா. தலைப்பை நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடியிருக்கிறாள். மறுநாள் மாவுச்சத்துக்கு அயோடின் சோதனை. கரைசல் கருநீலமாக மாறுவதை எல்லோரும் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் வந்தாள்.

"சார், ஒரு டவுட். அப்ப நீங்க பட்டுக்கு இந்த டெஸ்ட் போடலையா சார்?"

 பக்கத்தில் இருந்தவள் அவள் கையைக் கிள்ளினாள். அவளோ விடாமல், "இல்ல சார், எய்த்லயே பண்ணிட்டோமே, அதான் கேட்டேன்" என்றாள்.

எட்டாம் வகுப்புச் சோதனை. ஒரு சொட்டு. பட்டுப்பூச்சியின் உடம்பில் மாவுச்சத்து கிடையாது, அதனால் பட்டில் மாவுச்சத்து இருக்கிறதா என்று உலகத்தில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அவளுக்கு விளக்கினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். கடைசி பெஞ்சில் எதற்கோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான்.

அந்தச் சொட்டை நீதான் போட்டாய், பதினெட்டு மாதம் கழித்து, வேறொரு ஆய்வகம் எங்களுக்கு அந்த முடிவு வரவில்லை என்று எழுதிய பிறகு. போட்ட கையோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் வராத முடிவு எத்தனை எத்தனையோ கட்டுரைகளில் தூங்கிக்கொண்டு இருக்கிறது. உனக்கு மட்டும் நேர்மை பொங்கியது.

இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. கீழே கண்ணாயிரம் வீட்டில் மூன்று தறி ஓடுகிறது. அவர் மகள் சந்தியா போனிலேயே புடவை விற்கிறாள், அமெரிக்காவுக்கெல்லாம் போகிறதாம். நான் மாடியில். மதியத்துக்கு ஒரு கை அரிசி வடித்தால் அதிலும் மிஞ்சுகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் திங்கட்கிழமை வகுப்பில் நின்றால் முதல் வாக்கியத்துக்குத் தொண்டை கரகரக்கிறது. இதை உன் இரக்கத்துக்காக எழுதவில்லை.

மா. மாணிக்கவேல்


மைசூர்
12 ஜூலை 2025

அன்புள்ள வேலு,

நான் நலம் கேட்டு எழுதிய கடிதங்கள் மூன்று திரும்பி வந்தன. 2017-இல் இரண்டு, அடுத்த வருஷம் ஒன்று. உறையின் மேல் 'பெற மறுப்பு' என்று தபால்காரர் எழுதியிருந்தார். நீ மறந்திருப்பாய்.

சண்டை போட இதை எழுதவில்லை. போனில் பேசியிருந்தால் இந்நேரம் சண்டைதான் போட்டிருப்போம், கடிதமே நல்லது.

நான் அந்த மாடியில் ஏழு வருஷம் இருந்தவள். காலை ஆறு மணிக்குத் தெருவை அடைத்து, தறிக்கு ஏற்றும் நீள நூலைப் பாவாகக் கட்டி, சோற்றுக் கஞ்சியைத் தடவி, இழை இழையாகப் பிரித்துக் காய வைப்பார்கள். பால் வாங்கப் போகும்போது குனிந்து பாவுக்கு அடியில் நுழைந்து போவேன். கண்ணாயிரத்தின் மனைவி அலமு அக்கா, "தலைய பாத்துமா, பட்டுச்சின்னா கஞ்சி ஒட்டிக்கும்" என்பார். அயோடின் நீலமான அந்த நிமிஷமே இது எந்த மாவு, எந்தத் தெருவில் ஒட்டியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆய்வகத்தில் பட்டையும் சோற்றுக் கஞ்சியையும் சேர்த்து வைக்க யாருக்கும் தோன்றாது. உலகத்தில் இப்படி ஒரு தப்பு நடக்க வேண்டுமானால் அது நம் தெருவில்தான் நடக்க முடியும்.

வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்டேன். நீ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். "அது சிட்டம்தானே?" "ஆமா." திரும்பிப் பார்க்காமலே சொன்னாய். நான் இன்னொரு தடவை கேட்கவில்லை.

பதிவேட்டில் உன் கை இருக்கிறது. பதிவு தவறு என்று நான் எழுதியிருந்தால் உன் வேலை போயிருக்கும். அப்போது நீ கல்லூரியில் நிரந்தரமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதனால்தான் காரணம் கண்டறிய முடியவில்லை என்று எழுதினேன். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இப்போது என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். உன்னிடம் காட்டாமல் அனுப்பியது தப்புதான். காட்டினால் நீ அழுவாய், நான் அனுப்பாமல் விட்டுவிடுவேன் என்று பயந்தேன்.

இப்போது உனக்கு எதுவும் ஆகாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தெரியாமல் கஞ்சி போட்ட நூலைக் கொடுத்துவிட்டேன் என்றால் கல்லூரியில் யார் கேட்கப் போகிறார்கள்? நாலு பேர் சிரிப்பார்கள். கமிட்டிக்கு அது போதும்.

எனக்கு மட்டும் இன்னொரு கேள்வி இருக்கிறது. கையெழுத்தோடு வரவேண்டியதில்லை. கட்டுரை வெளியாகும் முன்னால் உனக்குத் தெரியுமா?

இங்கே புதிதாக வந்திருக்கும் பெண்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு செல்லின் மேலும் சர்க்கரையாலான ஒரு போர்வை இருக்கிறது, இது நம்முடையது, இது அந்நியம் என்று உடம்பு அதைத் தடவிப் பார்த்துத்தான் பல சமயம் தெரிந்துகொள்கிறது என்று சொன்னேன். போர்வை கிழிந்துபோனால் என்ன ஆகும் மேடம் என்றாள் ஒருத்தி. சில செல்களை உடம்பே வெளியே அனுப்பிவிடும் என்றேன். பிறகு என்ன பேசினேன் என்று நினைவில்லை.

அன்புடன்,
சுகா


பிள்ளையார்பாளையம்
21 ஜூலை 2025

சுகாசினிக்கு,

கேட்டதை இணைத்திருக்கிறேன். துறையின் முத்திரையும் இருக்கிறது. இதற்கு மேல் என்னை எதுவும் கேட்காதே. தேர்வு வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

மா. மாணிக்கவேல்

இணைப்பு:

சம்பந்தப்பட்டவர்களுக்கு. மேற்படி ஆய்வுக்கான பட்டு மாதிரி எப்போது, எவ்வாறு பெறப்பட்டது என்பது காலம் கடந்துவிட்டபடியால் எனக்கு நினைவில் இல்லை. மாதிரிப் பதிவேட்டில் உள்ள விவரங்களே சரியானவை எனக் கொள்ளலாம்.
(கையொப்பம்) மா. மாணிக்கவேல், எம்.எஸ்ஸி., எம்.ஃபில்.


மைசூர்
26 ஜூலை 2025

அன்புள்ள வேலு,

நீ அனுப்பிய தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மடிப்புக்கூடக் கலையாமல் இருக்கிறது, பார்த்துக்கொள்.

பதிவேடு சரி என்றால் நூல் சுத்தமாக வந்தது என்று அர்த்தம். நூல் சுத்தமாக வந்திருந்தால் மாவை ஆய்வகத்தில் கலந்தது நான். அந்தத் தாளை நான் கமிட்டியிடம் கொடுத்தால் எனக்கு எதிரான சாட்சியை நானே கொடுத்தது ஆகும். எழுதும்போது நீ இதை யோசித்திருப்பாயா என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைக்கவில்லை.

ஆறாம் தேதி புதன்கிழமை காலை பதினொன்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தெரிந்ததைச் சொல்லிவிட்டு வருவேன். உன் பெயரைச் சொல்லமாட்டேன்.

மாத்திரையை மறக்காமல் போடு.

சுகா


பிள்ளையார்பாளையம்
1 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சுகா,

இன்று ஆடி வெள்ளி. காலையிலிருந்து அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கி காதைப் பிளக்கிறது. கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். உன் கடிதமும் என் தாளும் மூன்று நாளாக மேஜைமேல் கிடக்கின்றன.

பதினொரு மணி வாக்கில் அலமு ஒரு சொம்பு கூழோடு மேலே வந்தார். நீ போன பிறகு அவர் இந்தப் படி ஏறியது நாலைந்து தடவை இருக்கும். சர்க்கரை இருக்கிறது, கூழ் வேண்டாம் என்றேன். அம்மனுக்கு ஊற்றியது, ஒரு வாய் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று சொம்பை மேஜையில் வைத்தார். கடித உறையில் உன் பெயர் இருந்ததைப் பார்த்துவிட்டார். எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"சுகாசினிம்மாவா? லெட்டர்லாம் போட்டுக்கினு இருக்கீங்களா சார்? நல்லாக்குதா அது?"

நன்றாக இருப்பதாகச் சொன்னேன். நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "அந்த கஞ்சி நூலுலதான் ரெண்டு பேருக்கும் சண்ட வந்துச்சுன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிக்கினே இருப்பாரு. அன்னைக்கே நான் சொன்னனே சார், நீங்க ஏன் அதுகிட்ட சொல்லல?" என்றார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. சொம்பை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று இறங்கிப் போய்விட்டார்.

கண்ணாயிரத்துக்குத் தெரியும். அலமுவுக்குத் தெரியும். சந்தியாவுக்கும் தெரிந்திருக்கும். இந்தத் தெருவே பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்துகொண்டு என்னை சார் சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. தெரியாதது உனக்கு மட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன்.

2013 மார்ச்சில் ஒரு நாள் காலை ஏழு மணி ரயிலைப் பிடிக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். தெரு முழுக்கப் பாவு. வழி விடச் சொன்னேன். கண்ணாயிரம் கஞ்சித் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "அஞ்சு நிமிசம் இருப்பா. ரயிலு இன்னொண்ணு வரும். நூலு அறுந்தா யாரு தருவாங்க?" என்றார். பாவைப் பிடித்துக்கொண்டிருந்த ஐந்தாறு பேர் சிரித்தார்கள். அவர் என்னை 'பா' என்று சொல்லிவிட்டார், அதுவும் அத்தனை பேர் முன்னால். நான் ஒரு விரிவுரையாளன். அன்றிலிருந்து அவரிடம் பேசுவதை நிறுத்தினேன். உன்னிடம் சொல்லவில்லை, நீ சிரிப்பாய் என்று.

ஏப்ரலில் நீ சொன்னாய்: சாயம் போடாத வெள்ளை நூல் வேண்டும், சிட்டமாகவே வாங்கு, பாவில் ஏற்றியது வேண்டாம், கஞ்சி இருக்கும். தெளிவாகத்தான் சொன்னாய். சிட்டம் பெட்டிக்குள் இருக்கும். வேண்டுமென்றால் கண்ணாயிரத்தைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. படிக்கட்டின் கீழே கூடையில் வெள்ளைப் பாவை அறுத்துப் போட்ட மிச்சம் ஒரு கைப்பிடி கிடந்தது. பளபளவென்று இருந்தது. எடுத்து டப்பாவில் போட்டேன். மறுநாள் ஆய்வகத்தில் பதிவேட்டைத் திறந்து சிட்டம் என்று எழுதினேன். கஞ்சி போடாதது என்றும் சேர்த்துக்கொண்டேன். கஞ்சியைக் கழுவினால் போய்விடும் என்று நினைத்தேன், சத்தியமாக. இரண்டு தடவை வெந்நீரில் அலசினேன். உயிர்வேதியியல் படித்தவன், இழைக்குள் ஊறிக் காய்ந்த மாவு அப்படி முழுக்கப் போகாது என்று தெரியாதா? தெரியும். நினைத்துக்கொள்ளத்தான் செய்தேன்.

பிறகு அமிலத்தில், சர்க்கரை இருந்தால் வரும் அந்த ஆரஞ்சு நிறம் வந்தது. நீ குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்ற முகம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. இவ்வளவு சர்க்கரையா, வேலு, இவ்வளவா என்றாய். அத்தனை சந்தோஷமாக உன்னை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருந்தாலும் இருக்கலாமே என்று எனக்கும் ஒரு நப்பாசை.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கட்டுரை வெளியாவதற்குப் பதினொரு நாள் இருக்கும்போது, நீ சென்னையில் இருந்த நாளில், கட்டுரையின் அச்சுப் பிரதி இதே மேஜைமேல் திருத்தத்துக்காக இருந்தது. அலமு தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்ல மேலே வந்தவர், பக்கத்தில் மீதி நூலோடு இருந்த டப்பாவைப் பார்த்தார். "இன்னா சார், கஞ்சி போட்ட பாவு மிச்சத்தை டப்பால பூட்டி வெச்சிக்கினு கீறீங்க? அது அடுப்பு தொடைக்கத்தான் ஆவும்" என்று சிரித்தார். தொட்டுப் பார்க்காமலே, கண்ணால் பார்த்தே சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து, அச்சுப் பிரதியில் ஏழாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளியைத் திருத்தி உனக்கு அனுப்பினேன்.

ஆகவே தெரியும். பதினொரு நாள் தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தெரியும். கல்கத்தாவில் கை தட்டியபோது தெரியும். நீ அயோடினைப் போட்டுவிட்டு வந்து கேட்டபோது, துணி காயப்போடும் சாக்கில் திரும்பாமல் நின்றேன். என் முகத்தைப் பார்த்திருந்தால் உனக்கும் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நீ என்னைக் கேட்காமல் கட்டுரையைத் திரும்பப் பெற்றாய் என்று இத்தனை வருஷம் கோபப்பட்டேன். அந்தக் கோபம் எனக்கு மிகவும் உதவியாக இருந்தது. காலையில் எழுந்ததும் அதை எடுத்துக்கொண்டால் சாயங்காலம் வரை வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. நீ அனுப்பிய மூன்று கடிதங்களையும் மறக்கவில்லை. தபால்காரர் நீட்டும்போது உள்ளே இதே கேள்வி இருக்கும் என்று பயந்துதான் வாங்கவில்லை.

கமிட்டிக்கு உன் வாயால் சொல்வதற்கு இதில் எல்லாம் இருக்கிறது. தேதி, கூடை, டப்பா, அலமு. நான் தெரியாமல் செய்தேன் என்று நீ எழுதச் சொன்னாய். அப்படி எழுதி, கீழே பெயரைப் போட்டு, முத்திரை குத்தியிருந்தால் உனக்கு வேலை முடிந்திருக்கும், எனக்கும் நாலு பேர் சிரிப்போடு போயிருக்கும். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். 'தெரியாமல்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. இன்னொரு தடவை அதையே செய்ய என்னால் முடியவில்லை. அதனால் இது வந்துவிட்டது.

இதற்குக் கீழே பெயரைப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போலிப் பதிவு எழுதியவன், தெரிந்தே வெளியிட்டவன், அதைப் பன்னிரண்டு வருஷம் மறைத்துத் துறைத் தலைவரானவன். ஓய்வுக்கு ஏழு வருஷம் இருக்கிறது. திங்கட்கிழமை அந்தத் திரிஷாவின் முன்னால் போய் நிற்க வேண்டும். இரண்டு தடவை பேனாவைத் தாளில் வைத்தேன். முதல் தடவை மை சொட்டி அந்த இடம் கறையானதால் கடைசிப் பக்கத்தை மட்டும் திரும்ப எழுதினேன். இரண்டாம் தடவை 'மா' என்று போட்டேன். அந்தப் பக்கத்தையும் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

எனக்குக் கையெழுத்தில்லாத கடிதங்கள் வரும், சக ஆசிரியர்களைப் பற்றி, விடைத்தாளைப் பற்றி. படிக்காமல் குப்பைக் கூடையில் போடுவேன். உன் கமிட்டியும் அப்படித்தான் செய்யும். வரிக்குக் கீழே இறங்கும் இந்த எழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியும். அவர்களுக்குக் காட்டுவாயா, இது அவர்தான் என்று சொல்வாயா என்பது உன் இஷ்டம். காட்டினால் நான் மறுக்கமாட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாததால் அதை எழுதவில்லை. பாரத்தை இந்தத் தடவையும் உன் தலையில்தான் வைக்கிறேன். தெரிந்தே வைக்கிறேன்.

மாத்திரை போட்டுவிட்டேன். கூழைத் தொடவில்லை.

விரைவுத் தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் உன்னிடம் வந்துவிடும் என்கிறார்கள். உறையில் அனுப்புநர் பெயர் கட்டாயம் வேண்டும் என்பார்கள். கண்ணாயிரம் வீடு, பிள்ளையார்பாளையம் என்று போடப் போகிறேன். தபால் நிலையத்தில் நாலு மணி வரைதான் வாங்குவார்கள், இப்போது மூன்றே கால். இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாலும் கை அந்த இடத்துக்குப் போகாது. கையெழுத்துப் போடாமலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன்.